வேலையை விடுறதுக்கு முதல் விசாவைப் பாருங்கோ, தங்கச்சி

போன மாசம் வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி நீளமா கடிதம் எழுதியிருந்தா. பேர் போடவேண்டாம் எண்டு கேட்டதால போடேல்லை. அவா எழுதினதைச் சுருக்கி இதில போடுறன்:

"அக்கா, எனக்கு 41 வயசு. கொள்ளுப்பிட்டியில ஒரு கம்பனியில எக்கவுண்ட்ஸ் பக்கம் 16 வருசமா வேலை, பேசிக் 2 லட்சத்து 20 ஆயிரம். கல்யாணம் கட்டேல்லை. வெள்ளவத்தையில என்ட பேரில ரெண்டு ரூம் ஃப்ளாட் இருக்கு, லோன் போன வருசம் முடிஞ்சுது. நானும் அம்மாவும் தான், அம்மாவுக்கு 70, அண்ணா டொரொண்டோவில. அப்பா ரெண்டு வருசத்துக்கு முதல் போயிட்டார். அவருக்கு உலகம் பாக்கிற ஆசை சரியா இருந்தது, அலுமாரிக்குள்ள ஒரு பழைய அட்லஸ் வச்சு பேனையால கோடு கீறிக் கீறி வச்சிருந்தவர், கடைசியில ஒரு பாஸ்போர்ட் கூட எடுக்காமலே போயிட்டார். எனக்கு அப்பிடிப் போக ஏலாது. ஃப்ளாட்டை வித்தா மூண்டரைக் கோடி வரும் எண்டு புரோக்கர் சொல்லுறார், எஃப்டியில 42 லட்சம் கிடக்கு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), கிரஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு ரெண்டு வருசம் உலகம் சுத்தப்போறன். வாற மாசமே ரிசைன் பண்ணுவம் எண்டு இருக்கிறன். அம்மாட்டச் சொன்னதுக்கு 'நாங்கள் ஓடினது காணாதே பிள்ளை, நீயேன் நல்லா இருக்கேக்க ஓடுறாய்' எண்டு கேட்டவா, அதோட அந்தக் கதையே எடுக்கிறதில்லை. நான் செய்யிறது பிழையோ?"

தங்கச்சி, பிழையில்லை. முதல் அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதுகளுக்கு வாறன், ஏனெண்டா நீங்கள் கடிதம் முழுக்க மன்னிப்புக் கேக்கிற மாதிரியே எழுதியிருக்கிறீங்கள். 16 வருசம் மாச முடிவு, வருச முடிவு, ஓடிட் எண்டு இருந்து, வீட்டு லோனைத் தனிய கட்டி முடிச்சு, அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்த ஒரு பிள்ளை இனிக் கொஞ்ச நாள் எனக்கு வேணும் எண்டு கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை. கல்யாணம் கட்டாமல் ஊர் சுத்தப் போறா எண்டு கதைக்கிற ஆக்கள் கதைப்பினம் தான், அவை நீங்கள் வீட்டில இருந்தாலும் கதைக்கினம்.

ஆனா நான் 28 வருசமா கொழும்பில ஆக்கள்ட காசுக் கணக்குப் பாக்கிற ஆள், ஆசையை மட்டும் பாத்து ஓம் எண்டு சொல்லிப்போட்டு இருக்க எனக்கு மனம் வராது. உங்கட திட்டத்தில எனக்குப் பயமா இருக்கிறது அந்த ஓடர் தான். முதல் ரிசைன், பிறகு ஃப்ளாட்டை விக்கிறது, காசு கைக்கு வந்தோண்ண விசா. எங்கட பாஸ்போர்ட்டோட இந்த ஓடரில போனா நீங்கள் கன தூரம் போகமாட்டீங்கள்.

ஏன் எண்டு சொல்லுறன். யூடியூப்பில வேலையை விட்டுட்டு பேக்கைத் தூக்கிக்கொண்டு உலகம் சுத்துற பிள்ளையளைப் பாத்திருப்பீங்கள், அவையில கனபேரிட்ட இருக்கிறது ஜேர்மன் பாஸ்போர்ட், ஒஸ்ரேலியப் பாஸ்போர்ட். அவைக்கு வேலை இருந்தாலும் ஒண்டுதான் இல்லாட்டிலும் ஒண்டுதான், பெரும்பாலான எல்லையில ஒரு சீல் குத்தி விட்டிடுவினம். எங்களுக்கு அப்பிடி இல்லை. சிங்கப்பூருக்கு விசா இல்லாமல் போகலாம், மாலைதீவில இறங்கினோண்ண தருவினம், நேபாளத்தில சார்க் நாட்டு ஆக்களுக்கு வருசத்தில முதல் 30 நாள் விசா காசும் இல்லை, வியட்நாமுக்கு 2023 ஓகஸ்ட்டில இருந்து எல்லா நாட்டு ஆக்களுக்கும் 90 நாள் ஈ-விசா இருக்கு. இதெல்லாம் லேசு. ஆனா ஷெங்கன் (ஐரோப்பாவில கன நாடுகளுக்குச் சேர்த்துக் குடுக்கிற ஒரே விசா), லண்டன், கனடா எண்டு வரேக்க அங்க இருக்கிற ஒஃபிசர் பாக்கிறது ஒண்டே ஒண்டு, இந்தப் பிள்ளை திரும்பி வருமோ வராதோ. அதுக்கு அவருக்குச் சாட்சி என்ன? உங்கட கம்பனி லெட்டர், லீவு குடுத்த கடிதம், சம்பளம் மாசாமாசம் விழுகிற பேங்க் ஸ்டேட்மென்ட், ஃப்ளாட் உறுதி, வீட்டில இருக்கிற அம்மா. இப்ப நீங்கள் ரிசைன் பண்ணி ஃப்ளாட்டையும் வித்துப்போட்டு, 41 வயசு, தனி ஆள், அண்ணா கனடாவில, எக்கவுண்டில திடீரெண்டு விழுந்த மூண்டரைக் கோடி எண்டு போய் நிண்டா அவர் என்ன நினைப்பார் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. நீங்கள் விட்டுட்டுப் போக நினைக்கிற அந்த வாழ்க்கை தான் தங்கச்சி உங்களை வெளியால கூட்டிக்கொண்டு போகப்போற பேப்பர்.

இதை நான் பட்டுத்தான் படிச்சனான். 2002ல சமாதானம் வந்து பாதையள் திறந்து எல்லாருக்கும் ஒரு மூச்சு வந்த நேரம், எனக்கு 30 வயசு, நானும் உங்களைப் போல தான், ஐரோப்பாவை ஒரு சுத்துச் சுத்தவேணும் எண்டு ஆசை, 2003ல இருந்த நல்ல வேலையை விட்டுட்டு சேமிச்ச காசைக் காட்டி ஒரு நாட்டுக்கு அப்ளை பண்ணினன், ரெண்டு கிழமையில நிராகரிச்சு பாஸ்போர்ட் திரும்பி வந்துது. திரும்பிப் போவீர் எண்டதில சந்தேகம் இருக்கு எண்டது தான் காரணம். வேலையும் இல்லை விசாவும் இல்லை, எட்டு மாசம் வீட்டில இருந்தன், அம்மா ஒரு சொல்லும் சொல்லேல்லை, அது தான் எனக்குக் கூடுதலா நொந்தது. அதோட முடியிறதும் இல்லை, பிறகு எத்தினை நாட்டு ஃபோர்ம் நிரப்பினாலும் முந்தி எங்கயாவது நிராகரிச்சிருக்கோ எண்டு ஒரு கேள்வி இருக்கும், ஓம் எண்டு தான் எழுதவேணும், மறைச்சா அது அதை விடப் பெரிய பிழை. நான் ஐரோப்பா பாத்தது 2014ல, நல்ல வேலையில இருக்கேக்க, மூண்டு கிழமை லீவில.

இன்னொரு விசயம் கனபேருக்குத் தெரியாது. ஷெங்கன் விசாவை நீங்கள் சட்டப்படி வசிக்கிற நாட்டில இருந்து தான் பொதுவா எடுக்கலாம். வியட்நாமில டூரிஸ்டா நிண்டுகொண்டு அங்கயிருந்து பிரான்ஸுக்கு அப்ளை பண்ணுவம் எண்டா ஏலாது. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதல் அப்ளை பண்ணவும் ஏலாது. அதால ஒரே இழுவையில ரெண்டு வருசம் சுத்துறது எண்டது எங்கட பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாத ஒரு திட்டம். போய், திரும்பி கொழும்புக்கு வந்து, அடுத்த விசாவை எடுத்து, திரும்பப் போறது தான் எங்களுக்குச் சரிவரும். இது கேக்கிறதுக்கு ஒரு தடை மாதிரி இருக்கும், ஆனா உங்கட வீட்டு நிலைமைக்கு இது நல்லதுக்குத் தான், அம்மாட்ட வரேக்க அதைச் சொல்லுறன்.

இப்ப ஃப்ளாட். விக்காதேங்கோ. இதில நான் கொஞ்சம் பிடிவாதமாவே சொல்லுறன்.

2021ல ஒரு குடும்பம் என்னட்ட வந்தவை, தெகிவளையில இருந்த வீட்டை வித்துக் காசை ரூபாயில எஃப்டி போட்டுட்டு மகளிட்ட லண்டன் போய் ஒரு வருசம் நிண்டு யோசிப்பம் எண்டு. நான் வேண்டாம் எண்டன், அவை கேக்கேல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபா சொச்சம், மே மாசம் 360. எஃப்டியில காசு அப்பிடியே இருந்தது, ஆனா அந்தக் காசால வாங்கக்கூடிய லண்டன் பாதிக்குக் கிட்டவாப் போயிட்டுது. திரும்பி வந்து பாத்தா தெகிவளையில அதே மாதிரி ஒரு வீடு அந்தக் காசுக்கு இல்லை. இப்ப அவை வாடகை வீட்டில இருக்கினம். அந்த ஐயா என்னைக் காணேக்க இப்பவும் அதைக் கதைக்கிறதில்லை, நானும் கேக்கிறதில்லை.

காசை விட எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கொழும்பில ஒரு தமிழ்ப் பொம்பிளைக்கு சொந்தப் பேரில ஒரு கதவு இருக்கிறது எண்டா என்ன எண்டு உங்கட வயசு ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2007 ஜூன் 7ம் திகதி விடிய லொட்ஜுகளில இருந்த எங்கட ஆக்களை, கொழும்பில நிக்கக் காரணம் இல்லை எண்டு பஸ்ஸில ஏத்தி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினது ஞாபகம் இருக்கும், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் நிப்பாட்டினபடியால் சரி. இப்ப காலம் மாறியிருக்கு, ஓம். ஆனா தனி ஆளா ஒரு பொம்பிளை வாடகைக்கு வீடு தேடிப்போனா இப்பவும் எத்தினை கேள்வி கேக்கினம். 43 வயசில திரும்பி வந்து அந்தக் கேள்வியளுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிக்கக்கூடாது. வித்த ஃப்ளாட்டைத் திரும்ப வாங்க, வேலையும் இல்லாமல் லோன் எடுக்கிறதும் லேசில்லை.

சரி, அப்ப காசுக்கு எங்க போறது எண்டு கேப்பீங்கள். உங்கட கணக்கில முதல் ரெண்டு திருத்தம். ஈபிஎஃப் காசை ரிசைன் பண்ணினோண்ண எடுக்கலாம் எண்டு நினைச்சிருக்கிறீங்கள், ஏலாது. பொம்பிளையளுக்கு 50 வயசு, ஆம்பிளையளுக்கு 55 வயசு ஆகவேணும். வீடு, வைத்தியச் செலவு எண்டு 30 வீதம் எடுக்கிற முறை ஒண்டு இருக்கு, அது பயணத்துக்கு இல்லை. நிரந்தரமா வெளிநாடு போறன் எண்டு எழுதிக் குடுத்து எடுக்கிற ஆக்களும் இருக்கினம், அதைச் சொல்லித் தர ஒரு புரோக்கரும் வருவார், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதேங்கோ, ஒரு இடத்தில நிரந்தரமாப் போறன் எண்டும் விசாக் கவுண்டரில திரும்பி வருவன் எண்டும் ரெண்டு விதமாக் கையெழுத்து வைக்கிறது நல்லதில்லை. உங்கட 8 வீதமும் கம்பனியின்ட 12 வீதமும் சேர்ந்து 16 வருசமா வளர்ந்த காசு அது, கிழவியாகேக்க உங்களைப் பாக்கிறதுக்கு வேற பிள்ளை இல்லை, அந்தப் பிள்ளை அங்கயே வளரட்டும்.

கிரஜுவிட்டி, வருசத்துக்கு ஒரு மாசச் சம்பளம் எண்டு நீங்கள் கணக்குப் போட்டிருந்தா அதுவும் பிழை. அரை மாசம் தான். 1,10,000ஐ 16ஆல பெருக்கினா 17 லட்சத்து 60 ஆயிரம், விலகி 30 நாளுக்குள்ள தரவேணும். ஆனா அதையும் நான் இப்ப தொடச் சொல்லமாட்டன், ஏனெண்டா உங்களை ரிசைன் பண்ணவே நான் சொல்லேல்லை. கம்பனியில எட்டு மாசம் நோ பே லீவு கேளுங்கோ.

சிரிக்காதேங்கோ, கேட்டுப் பாருங்கோ. 16 வருசம் ஒரு இடத்தில இருந்த எக்கவுண்டன்ட் போனா அந்த இடத்தை நிரப்பிறது லேசில்லை, 2022க்குப் பிறகு கொழும்பில இருந்த எக்கவுண்டன்ட் பிள்ளையள் எத்தினை பேர் ஒஸ்ரேலியா, டுபாய் எண்டு போயிட்டினம் எண்டு உங்கட எம்டிக்கும் தெரியும். வருச முடிவு ஓடிட் முடிஞ்ச கையோட போங்கோ, அப்ப கேட்டா தான் தருவினம். எனக்குக் களைப்பா இருக்கு சேர் எண்டு தொடங்காமல், இந்தத் திகதி போறன், இந்தத் திகதி வாறன், என்ட வேலையை இன்னார் பாப்பா, அவாவுக்கு ரெண்டு மாசம் நான் பழக்கித் தாறன் எண்டு பேப்பரில எழுதிக்கொண்டு போங்கோ. முடியாது எண்டா ஆறு மாசம் கேளுங்கோ. லீவு சரி, இன்ன திகதி திரும்ப வேலைக்கு வருவா எண்டு ஒரு கடிதம் கட்டாயம் எழுத்தில வாங்குங்கோ, சேவைக்காலம் முறியாது எண்டதையும் அதில போடச் சொல்லுங்கோ, அந்த ஒரு கடிதம் உங்களுக்கு ஒவ்வொரு விசாக் கவுண்டரிலயும் பேசும். எல்லாம் கேட்டும் தரமாட்டம் எண்டா அப்ப ரிசைன் பண்ணுறதைப் பற்றி யோசிப்பம், அதையும் விசா எல்லாம் கைக்கு வந்த பிறகு.

அப்ப கையில இருக்கிறது எஃப்டி 42 லட்சம். அதில 15 லட்சத்தை எடுத்து வேறயா வையுங்கோ, அம்மாவுக்கு ஒரு சுகவீனம் எண்டா, அல்லது நீங்கள் அவசரமா டிக்கெட் போட்டு வரவேணும் எண்டா, அதுக்கு. அந்தக் காசு உங்கட பயணத்தில சேராது, இல்லையெண்டே நினைச்சுக்கொள்ளுங்கோ. மிச்சம் 27 லட்சம். டொலர் 300 எண்டு வச்சா 9,000 டொலர். இந்தியா, நேபாளம், வியட்நாம் பக்கம் மாசம் 1,000 டொலருக்குள்ள ஒரு ஆள் மரியாதையா இருக்கலாம், ஹொஸ்டலிலயும் சின்ன கெஸ்ட் ஹவுஸிலயும், ஊரில சனம் சாப்பிடுற கடையில சாப்பிட்டு, பஸ்ஸிலயும் ரெயினிலயும். அப்பிடி அஞ்சு மாசம் 15 லட்சம். மிச்சம் 12 லட்சத்துக்கு ஐரோப்பா ரெண்டு மாசம், சொந்தக்காரர் வீடுகளும் இருக்கிறபடியால். டொரொண்டோ டிக்கெட்டை அண்ணாட்டக் கேளுங்கோ, வெக்கப்படாமல் கேளுங்கோ, அப்பாவையும் அம்மாவையும் இத்தினை வருசம் பாத்தது நீங்கள். ரெண்டு வருசம் ஏழெட்டு மாசமாப் போச்சே எண்டு மனம் சுருங்கும் தான். ஆனா திரும்பி வரேக்க வீடு இருக்கும், வேலை இருக்கும், திரும்பப் போகவும் ஏலும். அந்த 27 லட்சத்தையும் போற அண்டைக்கு மாத்தாமல், இப்பவே பேங்கில ஒரு வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்கிறதைப் பற்றிக் கேட்டு, சட்டப்படி விடுவினம் எண்டா மட்டும் ஏலுமான அளவை மாசாமாசம் டொலராக்கிக்கொண்டு வாங்கோ. 2022ஐப் பாத்த ஆக்கள் நாங்கள்.

வழி எப்பிடி எண்டு கேட்டிருந்தீங்கள். முதல் பாஸ்போர்ட்டைப் பாருங்கோ, முடிய ரெண்டு மூண்டு வருசம் தான் இருக்கு எண்டா இப்பவே புதுசு எடுங்கோ. கனடா விசிட்டர் விசா பத்து வருசம் வரைக்கும் தருவினம், ஆனா பாஸ்போர்ட் முடியிற திகதியைத் தாண்டித் தரமாட்டினம், பழைய பாஸ்போர்ட்டில அப்ளை பண்ணினா அந்த வருசங்கள் வீணாப் போகும். 2024ல பத்தரமுல்லைப் பாஸ்போர்ட் கந்தோரில விடிய விடிய கியூவில நிண்ட ஆக்களைக் கேட்டா தெரியும் கடைசி நேரம் ஓடுறது எப்பிடி எண்டு. கனடாவுக்கு இங்க இருக்கேக்கயே, வேலை லெட்டரோட, முதலாவதா அப்ளை பண்ணுங்கோ. பிறகு இந்தியா, நேபாளம், வியட்நாம் எண்டு அஞ்சு மாசம். நேபாளத்துக்கு ஒக்டோபர் நவம்பர் நல்லம், வானம் வெளிச்சு மலை தெரியும், பொக்காராவில ஒரு கிழமை சும்மா இருங்கோ, ஒண்டும் செய்யாமல். அதுக்குப் பிறகு கொழும்புக்கு வாங்கோ. மூண்டு நாலு கிழமை அம்மாவோட நிண்டு ஷெங்கனைப் போடுங்கோ. காசு 90 யூரோ, நிராகரிச்சா அது திரும்பாது, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேணும், எந்த நாட்டில கூட நாள் நிக்கிறீங்களோ அந்த நாட்டுக்குத் தான் அப்ளை பண்ணவேணும், 180 நாளில 90 நாளுக்கு மேல நிக்க ஏலாது. அந்த விசா, கனடா விசா கையில இருந்தா வேற சில கதவும் திறக்கும், மெக்சிக்கோ செல்லுபடியான கனடா அல்லது ஷெங்கன் விசா வச்சிருக்கிற ஆக்களைத் தனி விசா இல்லாமல் விடும். அட்லஸில அப்பா தென்னமெரிக்காப் பக்கம் கோடு கீறியிருந்தா, அல்லது ஆபிரிக்கா ஆசை இருந்தா, பொரளை எம்ஆர்ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்) மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோட வச்சிருங்கோ, போறதுக்குப் பத்து நாளுக்கு முதல் போட்டிருக்கவேணும், ஒருக்காப் போட்டா ஆயுளுக்கும் காணும்.

சொந்தக்காரர் வீடு எண்டு சொன்னன், அதில ஒரு சொல். டொரொண்டோ ஸ்காபரோவோ, பரிஸ் லா ஷப்பலோ, லண்டன் ஹரோவோ, போனா அன்பாத்தான் பாப்பினம், ஆனா அவை ரெண்டு வேலை செய்யிற சனம், விடிய அஞ்சு மணிக்கு எழும்பிப் போற வீட்டில நீங்கள் மாசக்கணக்கா சோஃபாவில இருக்கக்கூடாது. ஒரு வீட்டில அஞ்சு நாள், போகேக்க ஒரு நாள் நீங்கள் சமைச்சு வச்சிட்டுப் போங்கோ. அதை விட இன்னொண்டு, அங்க நிண்டா ஒரு சாமத்தியவீடு, ஒரு பிறந்தநாள், ஒரு கோயில் திருவிழா எண்டு கிழமை போயிடும், பரிஸுக்குப் போய் பரிஸைப் பாக்காமல் வந்த ஆக்களை எனக்குத் தெரியும்.

சின்ன விசயம் ஆனா சரியான முக்கியம்: உங்கட லங்கா சிம்மை ரோமிங்கோட உயிரோட வச்சிருங்கோ. பேங்க் ஓடிபி அதுக்குத் தான் வரும், அது இல்லாட்டி உங்கட காசையே நீங்கள் தொட ஏலாமல் ஹனோயில நிப்பீங்கள். ரெண்டு பேங்க் கார்ட், ரெண்டு பேக்கில. அம்மாவோட ஒரு கூட்டுக் கணக்கு. நம்பிக்கையான ஒரு ஆளுக்கு அற்றோணித் தத்துவம் (உங்கட சார்பில கையெழுத்து வைக்கிற அதிகாரம்) குடுக்கிறதெண்டா புதுக்கடைப் பக்கம் நல்ல நொத்தாரிசு ஒருத்தரிட்டப் போய், ஃப்ளாட் பில் கட்டுறது, பேங்க் கடிதம் எடுக்கிறது எண்டு குறிப்பிட்ட விசயத்துக்கு மட்டும் எழுதுங்கோ, எல்லா அதிகாரமும் குடுக்கிற பொதுவான தத்துவம் சொந்த மாமா எண்டாலும் வேண்டாம்.

இப்ப அம்மா. நான் இந்தக் கடிதத்துக்கு மறுமொழி எழுத ஒரு மாசம் எடுத்ததே அந்த ஒரு வசனத்தால தான் தங்கச்சி. "நாங்கள் ஓடினது காணாதே."

உங்கட அம்மாவுக்கு 1983ல 28 வயசு. எனக்கு 11. நாங்கள் அப்ப பம்பலப்பிட்டியில, ஆடிக் கலவரத்தில அந்தத் திங்கட்கிழமை பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களைத் தன்ட பின் அறைக்குள்ள வச்சுப் பூட்டினவா, பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில காங்கேசன்துறை. அந்த நாளில என்ட அம்மா கையில கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ் மட்டும், அதுக்குள்ள அவசரத்தில என்ட பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு கால் தான் வந்திருந்தது. அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஆர் சூட்கேஸை இறக்கினாலும் அம்மாவின்ட முகம் மாறும், கோயிலுக்குப் போறதெண்டாலும். அந்தத் தலைமுறைக்குப் பயணம் எண்டா பின்னால ஏதோ எரியுது எண்டு அர்த்தம், போன ஆள் திரும்பி வராது எண்டு அர்த்தம். உங்கட அண்ணா போனதும் அப்பிடித்தானே, போகேக்க ஒரு வருசம் எண்டு சொல்லியிருப்பார். அம்மா உங்களைத் தடுக்கேல்லை, அவா பயந்துபோய் இருக்கிறா. ஃப்ளாட்டை விக்கிறன், வேலையை விடுறன், ரெண்டு வருசம் எண்டு நீங்கள் சொன்ன மூண்டும் அவான்ட காதில விழுந்திருக்கிறது ஒரே சொல்லாத்தான்: போறன். நல்லது கெட்டதுக்கே "போட்டு வாறன்" எண்டு சொல்லிப் பழகின சனம் நாங்கள், வாசலில நிண்டு போறன் எண்டு ஆராவது சொன்னா கூப்பிட்டுத் திருத்தி விடுவினம்.

அதால அம்மாவோட கதைக்கேக்க திகதியோட கதையுங்கோ. இந்த மாசம் இத்தினையாம் திகதி போறன், இந்தத் திகதி வீட்டில சாப்பிடுவன், பிறகு ஒரு மாசம் உங்களோட, பிறகு போய் இந்தத் திகதி வேலைக்குத் திரும்பிறன். கலண்டரில அடையாளம் போட்டு சாமியறையில மாட்டி விடுங்கோ. அண்ணா ஃபோனில இருக்கேக்க கதைக்காமல், தனிய, பின்னேரத் தேத்தண்ணியோட கதையுங்கோ.

அவா தனிய இருக்கிறதுக்கும் ஒரு வழி இருக்கு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன் எண்டு ஊர்களில இருந்து கொழும்புக்குப் படிக்க வாற பொம்பிளைப் பிள்ளையள் வெள்ளவத்தையில போர்டிங் தேடி அலையுதுகள், நல்ல வீடு கிடைக்கிறது அவ்வளவு கஷ்டம். உங்கட ரூமில ரெண்டு பிள்ளையளை வையுங்கோ, தெரிஞ்ச ஆக்கள் மூலமா, தாய் தகப்பனோட கதைச்சு. அம்மாவுக்குக் காசும் வரும், அதை விட இரவில வீட்டில இன்னொரு மூச்சு இருக்கும், பிரஷர் குளிசை போட்டாவோ எண்டு கேக்க ஒரு குரல் இருக்கும். அப்பாவின்ட விதவைகள் ஓய்வூதியம் அவான்ட கணக்குக்கு ஒழுங்கா விழுகுதோ எண்டும் பாருங்கோ, உயிர்வாழ் சான்றிதழ் குடுக்கிற நேரத்தில நீங்கள் இல்லாட்டி ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டு முதலே பேசி வையுங்கோ. பக்கத்து ஃப்ளாட் ஆக்களிட்ட ஒரு திறப்பு, டொக்டர் நம்பர், களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு த்ரீவீல்காரரின்ட நம்பர், எல்லாம் பெரிய எழுத்தில எழுதி ஃப்ரிட்ஜில ஒட்டி விடுங்கோ.

இதெல்லாம் சொல்லியும் அம்மா வேண்டாம் எண்டே நிண்டா? அப்பவும் போங்கோ எண்டு தான் சொல்லுவன், ஆனா ஆறு மாசம் பொறுத்து, முதல் ஒரு மாசம் மட்டும். போய்த் திரும்பி வந்ததை அவா ஒருக்காக் கண்ணால காணட்டும்.

அதுக்கு எனக்கு ஒரு யோசனையும் இருக்கு. உங்கட அந்த முதல் மாசத்தில முதல் பத்து நாளை அம்மாவோட போங்கோ. 2024 ஓகஸ்ட்டில இருந்து காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில கப்பல் திரும்ப ஓடுது, ஒரு நாலு மணித்தியாலப் பயணம், காலநிலை பிழைச்சா நிப்பாட்டுவினம், அதால மாரியைத் தவிர்த்துப் போங்கோ, இந்திய விசா எடுக்கேக்கயே கப்பலில போறம் எண்டு சொல்லி அதுக்கு ஏத்த விசாவை எடுங்கோ. அங்க இறங்கினா திருநள்ளாறு, சிதம்பரம், தஞ்சாவூர் எல்லாம் கிட்டக்கிட்ட, 70 வயசு ஆளுக்கு அலைச்சல் இல்லை. பிறகு திருச்சியில அம்மாவை கொழும்பு ஃப்ளைட்டில ஏத்தி விட்டுட்டு நீங்கள் வடக்கால உங்கட பாட்டில போங்கோ. காங்கேசன்துறைக் கடலில அவா இந்த முறை டிக்கெட் எடுத்து, நல்ல சேலை கட்டி, சாப்பாட்டுப் பெட்டியோட கப்பல் ஏறட்டும். வழி அனுப்பி வைக்கிறதும் அவா தான், முதல் வீட்டுக்குத் திரும்பிப் போறதும் அவா தான்.

அம்மாட்டப் பாஸ்போர்ட் இருக்கோ எண்டு நீங்கள் எழுதேல்லை. இல்லாட்டி இந்தச் சனிக்கிழமை அனுமதி எடுத்த ஸ்டூடியோ ஒண்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் படம் எடுங்கோ. ரிசைன் கடிதம் டைப் பண்ணி வச்சிருந்தா அதை இப்ப அப்பாவின்ட அட்லஸுக்குள்ள வச்சு மூடி வையுங்கோ, விசா வந்தோண்ண எனக்கு எழுதுங்கோ.